புள்ளிப் பட்டியலை நிறுத்துங்கள்: எங்கள் மென்பொருள் திட்டத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற காலாண்டின் புள்ளிப் பட்டியலில் என் பெயர் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. அந்த மூன்று மாதங்களில் நம் நூலகத்துக்கு (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புக்கு) நான் செய்த உருப்படியான வேலை ஒன்றுமில்லை. பழைய கோப்புகளில் வரி முடிவுகளில் கிடந்த வெற்றிடங்களை நீக்கினேன். குறிப்புரைகளில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். ஒரே பேட்சாக, அதாவது நிரலில் செய்யும் மாற்றங்களின் ஒரே தொகுப்பாக, அனுப்பியிருக்க வேண்டியதை 23 பேட்சுகளாகப் பிரித்து அனுப்பினேன். வேண்டுமென்றேதான் செய்தேன். உங்கள் அளவுகோல் எதை அளக்கிறது என்று பார்க்க விரும்பினேன், பார்த்துவிட்டேன். பரிசுத் தொகையை நான் பெற்றுக்கொள்ளவில்லை என்பது உங்கள் கணக்கிலேயே பதிவாகியிருக்கும்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக உங்கள் முடிவை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக்கு முன்பு, பராமரிப்பாளர்களில் ஒருவரிடமும் கலந்து பேசாமல், நீங்கள் ஒரு விதியை அறிவித்தீர்கள். நிரலைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தில் இணைக்கப்படும் ஒவ்வொரு பேட்சுக்கும் பத்துப் புள்ளி, மூடப்படும் ஒவ்வொரு வழு (நிரல் பிழை) அறிக்கைக்கும் ஐந்து, பிறர் பேட்சைச் சரிபார்க்கும் ஒவ்வொரு மறுபார்வைக்கும் இரண்டு. காலாண்டு முடிவில் முதல் பத்துப் பேருக்குப் பணப்பரிசு. தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் குறைந்தபட்சப் புள்ளியைத் தொடாதவர்களின் கமிட் உரிமை (களஞ்சியத்தில் நேரடியாக மாற்றம் செய்யும் அனுமதி) தானாகவே நீங்கிவிடும். இதற்கு ‘பங்களிப்பாளர் ஊக்கத் திட்டம்’ என்று பெயரிட்டீர்கள். ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதும், நன்கொடை தரும் நிறுவனங்கள் எண்ணிக்கையில் காட்டக்கூடிய வளர்ச்சியைக் கேட்கின்றன என்பதும் நீங்கள் சொன்ன காரணங்கள். இரண்டும் உண்மையான கவலைகள்தாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலநிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு ஒருவர் எதற்காக உழைக்கிறார் என்று உழைப்பவர்களிடம் கேட்காமலேயே நீங்கள் அதற்கு விடை எழுதிவிட்டீர்கள். அந்த விடை தவறு என்பதே என் முறையீடு.

நான் மூன்றாம் இடம் பெற்றதற்கு முந்தைய காலாண்டில் என் இடம் 41. அப்போது செய்த வேலையையும் சொல்ல வேண்டும். பழைய எழுத்துக் குறியாக்கங்களில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில்) உள்ள கோப்புகளை எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் நம் நூலகம், பெரிய கோப்புகளில் எப்போதாவது ஓர் எழுத்தைச் சிதைத்துக்கொண்டிருந்தது. ஆவணக் காப்பகம் ஒன்றில் பணிபுரியும் ஒருவர் அதை வழு அறிக்கையாக எழுதியிருந்தார்; இரண்டு பேர் முயன்று பார்த்து, ‘எங்கள் கணினியில் அப்படி நிகழவில்லை’ என்று விட்டுவிட்டார்கள். நான் ஏழு வாரம் அதன் பின்னால் அலைந்தேன். மூன்று பைட்டுகளாக வரும் ஓர் எழுத்தின் முதல் பைட் ஒரு பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியின்) கடைசி இடத்திலும் மற்ற இரண்டும் அடுத்த பஃபரிலும் விழுந்து, அதே நேரத்தில் வலையமைப்பிலிருந்து வரும் தரவு கொஞ்சம் தாமதித்தால் மட்டும், நம் நிரல் அந்த முதல் பைட்டை மறந்துவிடுகிறது என்று ஒரு நள்ளிரவில் புலப்பட்டது. திருத்தம் இரண்டே வரி. உங்கள் பட்டியலில் அந்தப் பேட்சுக்குக் கிடைத்தது பத்துப் புள்ளி. ஒரு குறிப்புரையில் காற்புள்ளியை இடம்மாற்றினாலும் அதே பத்துதான்.

புள்ளி குறைந்துவிட்டதே என்று இதைச் சொல்லவில்லை. அந்த ஏழு வார மாலைகளில் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது எது என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். முதலில் இருந்தது வெறும் பிடிவாதம். ஒரு நிரல் என்னை ஏமாற்றுகிறது என்ற எரிச்சல். பிறகு, நினைத்திராத ஓர் ஆழத்தில் அந்த நிரல் எப்படி இயங்குகிறது என்று புரியத் தொடங்கியபோது வந்த மகிழ்ச்சி. அதை நிரல் எழுதாதவர்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை, எழுதுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வரியின் அருமை தெரிந்த மூன்று நான்கு பேர் அதைப் படிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. புகழாசை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். கடைசியில், அந்தக் காப்பகப் பணியாளர் ‘இப்போது எல்லாக் கோப்புகளும் சரியாகத் திறக்கின்றன’ என்று எழுதிய ஒற்றை வரி. இவற்றில் எதையும் நீங்கள் எனக்குத் தரவில்லை, தரவும் முடியாது. நான் இந்தத் திட்டத்துக்குள் வந்ததும் என் சொந்தத் தேவைக்காகத்தான். என் பழைய கோப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அவற்றைத் திறக்க இந்த நூலகம் உதவியது. ஒரு குறியாக்கத்தை அது ஆதரிக்கவில்லை. அதை நானே எழுதி அனுப்பினேன். என் முதல் பேட்ச் மிக மோசமாக இருந்தது. அதை மறுத்துவிடாமல், வரி வரியாக எங்கே தவறு என்று சொல்லித்தந்த ஒருவர் இருந்ததால் நான் தங்கினேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் துறவி அல்லன். இன்று நான் பார்க்கும் வேலை, நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் இந்தக் களஞ்சியத்தில் என் நிரலைப் படித்திருந்ததால் கிடைத்தது. தொழிலுக்கு உதவும் என்று வருகிறவர்கள், கற்றுக்கொள்ள வருகிறவர்கள், மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கைக்காக வருகிறவர்கள், தம் நிறுவனம் சம்பளம் கொடுத்து அனுப்புவதால் வருகிறவர்கள் எல்லாரும் நம்மிடையே இருக்கிறார்கள்; பெரும்பாலும் ஒரே ஆளுக்குள் இவற்றில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும். இது என் அனுபவம் மட்டுமன்று. ஆய்வாளர்கள் கரீம் லகானியும் ராபர்ட் உல்ஃபும் 287 கட்டற்ற மென்பொருள் திட்டங்களைச் சேர்ந்த 684 நிரலாளர்களிடம் கேட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்யும்போது தாம் எவ்வளவு படைப்பூக்கத்துடன் இருப்பதாக உணர்கிறோம் என்பதே எல்லாவற்றிலும் வலுவான உந்துதலாக வெளிப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அந்த வேலைக்கு ஏதோ ஒரு வகையில் ஊதியம் பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஊதியம் வாங்குபவருக்கும் அந்த மகிழ்ச்சி இருக்கிறது. எனவே ‘பணம் வந்தால் எல்லாம் கெட்டுவிடும்’ என்று நான் வாதிடுவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மாதச் சம்பளம் வேறு. ஒவ்வொரு செயலுக்கும் விலை கட்டி, அதைப் பொதுவில் தொங்கவிட்டு, ஒருவரை ஒருவர் முந்தச் செய்வது வேறு.

இரண்டாவதன் விளைவு என்னவாகும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. உளவியலாளர் எட்வர்ட் டீசி 1971இல் வெளியிட்ட சோதனைகளில், புதிர்க்கட்டைகளை விரும்பி விளையாடிய மாணவர்களுக்கு ஒவ்வொரு புதிருக்கும் பணம் கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவற்றைத் தொடும் ஆர்வம் குறைந்தது. சொல்லால் பாராட்டப்பட்டவர்களிடம் அப்படிக் குறையவில்லை. நம் துறைக்குள்ளேயே சான்றுகள் உண்டு. தொடர்ந்து எத்தனை நாள் பங்களித்தீர்கள் என்று காட்டும் எண்ணிக்கையை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2016இல் எடுத்துவிட்டது. அதன் விளைவைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், வார இறுதி உழைப்பு குறைந்ததையும், ஒரே ஒரு பங்களிப்பு மட்டும் செய்த நாள்கள் குறைந்ததையும் கண்டார்கள். அதாவது எண் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே பலர் ஏதோ ஒன்றை நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கக் கோரும் வேண்டுகோள்) அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்றார்கள். ஆவணக் கோப்புகளில் ‘அருமையான திட்டம்’ என்று இரண்டு சொல் சேர்த்து அனுப்பும் குப்பை வெள்ளமாக வந்தது. விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும் பங்கேற்கலாம் என்று மாதத்தின் முதல் சில நாள்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு சட்டைக்கே இந்தப் பாடு. பாதுகாப்புக் குறைகளைக் கண்டு சொல்பவர்களுக்கு, இணையவழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கருவியான கர்ல் திட்டம் 2019 முதல் கொடுத்துவந்த பரிசை 2026 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டதற்கும், பரிசை நம்பிச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எழுதி அனுப்பப்பட்ட பொய் அறிக்கைகளைப் படித்தே பராமரிப்பாளர்கள் சோர்ந்துபோனது முக்கியக் காரணம்.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனில் நிகழ்ந்தது உங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம். 2006இல், வெளியீடு குறித்த நாளில் வர வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன், வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு மட்டும் குறுகிய காலத்துக்குப் பணம் கொடுக்க ஒரு தனி முயற்சி தொடங்கப்பட்டது. அதே அளவு உழைத்துக்கொண்டிருந்த மற்றவர்களில் சிலர், தங்கள் உழைப்பு இரண்டாந்தரமாகிவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதி, கைகளைக் கட்டிக்கொண்டார்கள். டிசம்பர் 2006இல் வந்திருக்க வேண்டிய வெளியீடு ஏப்ரல் 2007இல் வந்தது. தாமதத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, அதுவரை யாருக்கும் தோன்றாத ஒரு கணக்கை எல்லார் மனத்திலும் விதைத்துவிட்டது.

நம் திட்டத்திலும் அந்தக் கணக்கு புகுந்துவிட்டது. முன்பெல்லாம் கடினமான ஒரு வழுவை இருவர் சேர்ந்து தேடுவார்கள். இப்போது பேட்ச் யார் பெயரில் இணைக்கப்படும் என்ற கேள்வி முதலில் வருகிறது. மறுபார்வைக்கு இரண்டு புள்ளி என்பதால், நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட மாற்றங்களுக்கு இரண்டே நிமிடத்தில் ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒப்புதல் விழுகிறது. வழு அறிக்கையை மூடினால் புள்ளி என்பதால், சரிசெய்யாமலே மூடுவது வழக்கமாகிவிட்டது. எழுதியவர் மறுபடியும் திறந்தால், மறுபடியும் மூடி மறுபடியும் புள்ளி. பட்டியலில் எண்கள் ஏறுகின்றன என்று நன்கொடையாளர்களுக்கு நீங்கள் அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். ஏறத்தான் செய்யும்.

இனி, என் முதல் பேட்சைத் திருத்திக்கொடுத்தவருக்கு வருகிறேன். அவர் ஒன்பது ஆண்டுகளாக இந்தத் திட்டத்தில் இருந்தார். சில ஆண்டுகளாக அவர் நிரல் எழுதுவது குறைந்திருந்தது. புதிதாக வருபவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, ஆவணங்களில் தெளிவில்லாத இடங்களைக் கண்டு மற்றவர்களிடம் சொல்வது, இரண்டு பேர் மோதிக்கொள்ளும்போது இருவருக்கும் தனித்தனியாக எழுதி ஆற்றுவது, நல்ல எண்ணத்துடன் வரும் தவறான யோசனையை மனம் நோகாமல் மறுப்பது: இவைதாம் அவர் வேலை. இவற்றில் எதற்கும் உங்கள் விதியில் புள்ளி இல்லை. இரண்டு காலாண்டுகளில் அவர் பெற்றது பதினான்கு. ஒரு நாள் காலை, மனிதர் யாரும் எழுதாத ஒரு தானியங்கி மின்னஞ்சல், அவருடைய கமிட் உரிமை நீக்கப்பட்டதை அவருக்குத் தெரிவித்தது. அவர் வாதாடவில்லை. ‘இத்தனை நாள் உடனிருந்ததற்கு நன்றி’ என்று எங்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். உங்களில் ஒருவர்கூட அவருக்கு எழுதவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

அவர் போன ஆறாம் வாரம், கடைசிப் பதிப்பை நாம் அவசரமாகத் திரும்பப் பெற வேண்டியிருந்ததே, நினைவிருக்கும். காரணம் இது. கோப்பின் முதல் சில பைட்டுகளை இரண்டு முறை படிக்கும் ஒரு வரி நம் நிரலில் இருந்தது. பார்த்தால் வீண் வேலையாகத் தோன்றும். சில பழைய கோப்புகள் தம் குறியாக்கத்தைப் பற்றித் தலைப்பிலேயே தவறான தகவலைச் சொல்வதால் அந்த வரி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்; யாராவது அதை நீக்க வரும்போதெல்லாம் விளக்குவார். புதிதாக வந்த ஒருவர் ‘தேவையற்ற வரியை நீக்குதல்’ என்று அதை எடுத்தார். இரண்டு நிமிட ஒப்புதல் கிடைத்தது. இருவருக்கும் புள்ளி ஏறியது. அந்தப் புதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லித்தர வேண்டியவரை நாம் அனுப்பிவிட்டோம். (அந்தக் காரணத்தைக் குறிப்புரையாக எழுதி வைக்காதது பராமரிப்பாளர்களான எங்கள் பிழை, அதை இப்போது சரிசெய்துவிட்டோம்.)

எண்ணிக்கையை நம்புவதில் இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2024 மார்ச் இறுதியில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் மறைத்துவைக்கப்பட்ட பின்கதவு (கணினிக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழி) வெளிப்பட்டது. தனியொருவராக, ஊதியமின்றி, அதைப் பராமரித்துவந்தவர் தம் மனநலச் சிக்கலைப் பற்றி 2022இலேயே வெளிப்படையாக எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில் முன்பின் அறியாத பெயர்கள் சில, வேலை மெதுவாக நடக்கிறது என்று அவரை நெருக்கின. ‘உதவ’ முன்வந்த ஒரு போலிப் பெயர், நெடுநாள் தவறாமல் பேட்சுகளை அனுப்பி நம்பிக்கையைப் பெற்றுக் கமிட் உரிமையைக் கைப்பற்றியது. உங்கள் பட்டியல் அங்கே இருந்திருந்தால் அந்தப் பெயருக்குப் பரிசு கொடுத்திருப்பீர்கள். சோர்ந்திருந்த பராமரிப்பாளருக்குத் தானியங்கி மின்னஞ்சல் போயிருக்கும். அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளரோ அந்தத் திட்டத்தின் பங்களிப்பாளரே அல்லர். வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் இணைப்புக்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவது அவர் கண்ணில் பட்டது. அது ஏன் என்று விடாமல் தோண்டினார். அந்த அரை நொடியின் மீது ஒரு மனிதருக்கு வந்த சந்தேகத்துக்கு எத்தனை புள்ளி என்று உங்களால் முன்கூட்டியே நிர்ணயிக்க முடியுமா?

‘அப்படியானால் பணத்தை என்ன செய்வது?’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு வெளிப்பட்டபோது, தொடர்புகளை மறையாக்கிக் காக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு அதுவரை வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் என்பதும் சேர்ந்தே வெளிப்பட்டது. மகிழ்ச்சிக்காக எழுதுகிறார்கள், ஆகவே பணம் வேண்டாம் என்று எங்களை வைத்து யாரும் முடிவுகட்டக் கூடாது. மகிழ்ச்சி தானாக இழுத்துச் செல்லும் வேலைகள் இருக்கின்றன. யாரையும் இழுக்காத வேலைகளும் இருக்கின்றன. பத்து இயங்குதளங்களில் ஒவ்வொரு பதிப்பையும் சோதிப்பது, கட்டமைப்புக் கணினிகளைப் பழுதுபார்ப்பது, வந்து குவியும் பாதுகாப்பு அறிக்கைகளில் மெய் எது பொய் எது என்று பிரிப்பது ஆகியவற்றை யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. கடமைக்காகச் செய்து களைத்துப்போகிறோம். பணம் போக வேண்டிய இடம் அதுதான். நீங்களோ, மக்கள் விரும்பிச் செய்துகொண்டிருந்ததற்கு விலை வைத்துவிட்டு, விரும்பாமல் செய்ததை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. அடுத்த காலாண்டின் பட்டியல் வெளியாகும் முன்பே புள்ளித் திட்டத்தை முழுவதுமாக நிறுத்துங்கள். திருத்தி அமைக்கிறோம், மறுபார்வைக்குப் புள்ளியைக் கூட்டுகிறோம் என்ற பேச்சு வேண்டாம், ஏனெனில் எந்த விதத்தில் எண்ணினாலும் அதை ஏய்க்க 23 பேட்சுகள் போதும். இதுவரை வெளியான பட்டியல்களையும் பொதுப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். புள்ளிக் குறைவால் உரிமை இழந்த அனைவருக்கும் அதைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மனிதர் கையொப்பமிட்ட கடிதம் அனுப்புங்கள். நான் மேலே சொன்னவருக்கு அந்தக் கடிதத்தைக் குழுத் தலைவரே எழுத வேண்டும். நெடுநாள் பயன்படாத கணக்குகளைத் திறந்து வைப்பது பாதுகாப்புக்கு உகந்ததன்று என்பதை ஏற்கிறேன். அதற்கு, உரியவரிடம் முதலில் கேட்டு, பராமரிப்பாளர்கள் கூடி முடிவெடுக்கும் நடைமுறையை நாங்களே எழுதித் தருகிறோம்.

பரிசுக்கு ஒதுக்கிய தொகை முழுவதையும், யாரும் விரும்பிச் செய்யாத அந்த வேலைகளுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை நியமிக்கச் செலவிடுங்கள். அவருக்கு ஊதியம் அவர் நேரத்துக்காக இருக்கட்டும், பேட்ச் எண்ணிக்கைக்காக வேண்டாம். அவரைத் தேர்ந்தெடுப்பதில் பராமரிப்பாளர்களுக்கு இடம் இருக்கட்டும். நன்கொடையாளர்களுக்கு எண்கள்தாம் வேண்டுமென்றால், ஒரு பாதுகாப்புக் குறை தெரிந்த நாளிலிருந்து எத்தனை நாளில் சரிசெய்தோம் என்பதைச் சொல்லுங்கள். அதோடு, தங்கள் ஊழியர்கள் வேலை நேரத்தில் இங்கே பங்களிக்க அனுமதி தரும்படியும் அவர்களிடம் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் பராமரிப்பாளர்களுக்கு வாக்குரிமையுடன் இரண்டு இடங்கள் கொடுங்கள். கூட்டக் குறிப்புகளை ஒரு வாரத்துக்குள் வெளியிடுங்கள்.

இந்தக் காலாண்டு முடிவதற்குள் உங்கள் பதிலைப் பொதுவிலேயே எதிர்பார்க்கிறேன். அதுவரை அடுத்த பதிப்புக்கான வேலையைத் தொடர்கிறேன். பட்டியல் மறுபடியும் வெளியானால், வெளியீட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வேன்; கையிலுள்ள சாவிகளையும் குறிப்புகளையும் அடுத்தவருக்கு முறையாக ஒப்படைக்க இரண்டு மாதம் எடுத்துக்கொள்வேன். எப்படியானாலும், மூன்றாம் இடத்திலிருந்து என் பெயரை இன்றே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
நூலகத்தின் பராமரிப்பாளர்களில் ஒருவன்